தரங்கம்பாடியில் கோட்டையைக் கடைசியில் பாருங்கள்

தரங்கம்பாடி போய்வந்தவர்களில் பாதிப் பேர் சொல்வது, "கோட்டை ரொம்பச் சின்னது, அரை மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு" என்பதுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. செஞ்சியையோ வேலூரையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் டென்மார்க்காரர்கள் கட்டிய இந்த டேன்ஸ்போர்க் கோட்டை ஏமாற்றத்தான் செய்யும். சுற்றி ஒரு மதில், மூலைகளில் கொத்தளம், நடுவில் முற்றம், கடல் பக்கமாக ஒரு மாடிக் கட்டடம், முடிந்தது. காரைக் கொண்டுபோய் நேராகக் கோட்டை வாசலில் நிறுத்தி, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, பீரங்கிமேல் கை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தக் கோட்டை தனியாக நிற்கும் கோட்டை இல்லை. ஒரு காலத்தில் மதில் சூழ்ந்திருந்த ஊர் ஒன்றின் கடலோரக் கடைசிக் கட்டடம். ஊரின் நுழைவாயிலில் இறங்கி, ராஜ வீதி வழியாக நடந்து, வழியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் கோட்டைக்குள் நுழைந்தால்தான் அதற்குள் என்னென்ன நடந்தது என்பது பிடிபடும். மொத்த தூரம் ஒரு கிலோமீட்டருக்குள்தான், சமதரை, பெரியவர்களும் நடக்கலாம். அரை நாள் ஒதுக்குங்கள், போதும்.

எப்போது போவது

முதலில் கிழமையைப் பாருங்கள். கோட்டையும் உள்ளே இருக்கும் அருங்காட்சியகமும் தமிழ்நாடு தொல்லியல் துறையிடம் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை விடுமுறை. வார இறுதியோடு வெள்ளியையும் சேர்த்து லீவு போட்டுக் கிளம்பும் ஆட்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு முன் உள்ளே விட மாட்டார்கள், இருட்டுவதற்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள், மதியம் சாப்பாட்டு நேரத்திலும் கதவு சாத்தியிருக்கலாம். ஆகவே "சூரிய உதயத்தைக் கோட்டைக் கொத்தளத்திலிருந்து பார்ப்போம்" என்ற கனவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உதயத்தைக் கடற்கரையிலிருந்து தாராளமாகப் பார்க்கலாம், அதற்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை அருமை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும், கடலும் கரையைத் தின்று மணலைக் குறுக்கிவிடும். கத்திரி வெயிலில் போகிறவர்கள் மூன்று மணிக்கு முன் ஊருக்குள் நடக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிய பிறகு அதே தெரு வேறு தெருவாகிவிடும்.

என் ஓட்டு மாலைக்குத்தான். மூன்று மணி சுமாருக்கு நுழைவாயிலில் தொடங்கினால் நாலரைக்குள் கோட்டைக்குள் இருக்கலாம், மூடும் நேரத்தில் வெளியே வந்து மிச்சப் பொழுதைக் கடற்கரைக்குக் கொடுக்கலாம். இரவு தங்குகிறவர்களுக்குக் காலை நல்லது: கடற்கரையில் உதயம், அப்புறம் டிபன், எட்டரை மணிக்கு நுழைவாயில், பத்துக்குக் கோட்டை. படம் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். கடல் கிழக்கே இருப்பதால் மதிலின் கடல் பக்கத்தில் காலையில்தான் வெயில் விழும், சாயங்காலம் ஊர்ப் பக்கத்து முகம் மஞ்சளாகும். எந்தப் பக்கம் வேண்டுமோ அதற்கேற்ப நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

வந்து சேர்வது

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலே ஓடியது ஒரு காலம். 1926-ல் தொடங்கிய அந்தப் பாதையை 1986-ல் மூடிவிட்டார்கள். சீர்காழி, சிதம்பரம் பக்கமிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பஸ்களும் இந்த வழிதான். கண்டக்டரிடம் பொறையாறு அல்ல, தரங்கம்பாடி என்று அழுத்திச் சொல்லி ஏறுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதால் தவறாக இறங்கினாலும் பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் வெயிலில் ஒரு வீண் நடை.

திருக்கடையூர் இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் தரங்கம்பாடியைப் பார்ப்பதே அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கோ தாத்தா பாட்டியின் சதாபிஷேகத்துக்கோ திருக்கடையூர் வந்த இடத்தில்தான். காலையில் ஹோமம், கலச அபிஷேகம், மதியச் சாப்பாடு எல்லாம் முடிந்ததும் வேனில் இருபது பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பொழுதுக்கு இந்த ஊர் கச்சிதம். பட்டுப்புடவையோடு கருங்கல் பாறையில் ஏற வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நுழைவாயிலிலிருந்து நடை

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பினால் வெள்ளையடித்த நுழைவாயில் தெரியும். இப்போது நிற்பது 1792-ல் கட்டியது, மேலே டென்மார்க் அரசரின் முத்திரை. வண்டிகள் அதற்குள்ளேயேதான் போய்வரும், எனவே நடு வாசலில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், ஓரமாக நின்று அண்ணாந்து பாருங்கள். இந்த வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒரு மதில் இருந்ததாக மனதில் வரைந்துகொள்ளுங்கள். அந்த மதிலை எழுப்பியவரைப் பற்றிக் கோட்டைக்குள் போய்ப் பேசுவோம்.

வாசலைத் தாண்டியதும் ராஜ வீதி. நேராகக் கடலுக்குப் போகிறது. இரண்டு தேவாலயங்கள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன. சீயோன் ஆலயம் 1701-ல் கட்டியது, ஊரில் இருந்த டென்மார்க்காரர்களுக்கானது. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் எழுந்தது, இது தமிழ்ச் சபைக்கானது, அதைக் கட்டியவர் சீகன்பால்க் என்ற கிறிஸ்தவ மதபோதகர். வார நாட்களில் பூட்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் திறந்து காட்டுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் கேமராவோடு உள்ளே நுழையாமல் முடியும்வரை காத்திருங்கள்.

சீகன்பால்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது, இல்லாவிட்டால் இந்தத் தெருவே வெறும் பழைய கட்டடங்களாகப் போய்விடும். ஜெர்மானியர், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி 1706 ஜூலையில் நண்பர் புளூட்சோவோடு இங்கே கரையிறங்கியபோது வயது 24-கூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். பிறகு அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துருக்கள் மிகப் பெரிதாக இருந்து காகிதத்தைச் சாப்பிட்டதால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் இங்கே அச்சாகி முடிந்தது. தமிழின் முதல் அச்சுப் புத்தகமே இங்குதான் வந்தது என்று யாராவது உங்களிடம் பெருமையடித்தால் தலையாட்டிவிட்டு நகருங்கள். போர்த்துக்கீசியர் 1578-லேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சிட்டுவிட்டார்கள். அதனால் இவருடைய வேலை குறைந்துவிடாது. 36 வயதில், 1719-ல் இறந்தார். கல்லறை அவர் கட்டிய அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், திறந்திருந்தால் விடாதீர்கள், குழந்தைகள் கூட இருந்தால் கட்டாயம்.

தெருவின் மற்ற வீடுகளை அவசரப்படாமல் பாருங்கள். தூண் வைத்த தாழ்வாரமும் உயரமான சன்னலுமாக ஐரோப்பிய வீடுகள் ராஜ வீதியில் இருக்கும். ஒரு தெரு தள்ளி தட்டார் தெருப் பக்கம் போனால் ஓடு வேய்ந்த, திண்ணை வைத்த நம் வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்த வீடுகளில் சிலவற்றை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு சுண்ணாம்புக் காரையிலேயே பழைய முறைப்படி சரிசெய்தது. திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அது அவர்கள் வீடு. "ஐயா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், கூடவே ஒரு கதையும் கிடைக்கும்.

கோட்டைக்குள்

இப்போது திறந்த மைதானம், அதற்கப்பால் கோட்டை. எதிரில் டேனிய ஆளுநரின் மாளிகை. டிக்கெட் சிறு தொகைதான், சில்லறையாக வைத்திருங்கள்.

உள்ளே போனதும் அருங்காட்சியகத்துக்கு ஓடாமல் முற்றத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1616-ல் டென்மார்க்கில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்குகிறார்கள், ஆசை மிளகின் மேல். தளபதி ஓவே கெத்தே தலைமையில் கப்பல்கள் புறப்படுகின்றன. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம், இந்த மீனவ ஊரும் கோட்டை கட்டும் உரிமையும் கிடைக்கின்றன. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தமிழில் எழுதிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் உட்கார்ந்திருந்த காலம் அது, அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வியாபாரி வருவது நாயக்கருக்கும் கசக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டென்மார்க் ஐரோப்பியச் சண்டைகளில் சிக்கிக்கொண்டு இந்தக் கோட்டையை மறந்தேபோனது. ஏறக்குறைய முப்பது வருடம் அங்கிருந்து ஒரு கப்பல் வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக, 1655 வாக்கில் மிஞ்சிய டென்மார்க்காரர் ஒரே ஒருவர், எஸ்கில் கொங்ஸ்பக்கே. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரணச் சிப்பாய். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார், வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து அந்த வருமானத்தில் காலம் தள்ளினார், தஞ்சைப் படை வந்தபோது ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். நீங்கள் நுழைந்து வந்த வாசல் இருந்த அதே மதில்தான். கடைசியில் 1669-ல் ஒரு டேனியக் கப்பல் வந்தபோது கொடி இன்னும் இந்தக் கோட்டையில் பறந்துகொண்டிருந்தது, அவரையே ஆளுநராக்கினார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த முற்றத்தில் நின்றால் "சின்னக் கோட்டை" என்று சொல்ல வாய் வராது. ஒரு ஆள் கட்டிக் காப்பதற்கு இது பெரிய கோட்டைதான்.

கீழ்த்தளத்து அறைகளுக்கு அப்புறம் போங்கள். கிடங்கு, சமையற்கட்டு, சிப்பாய்கள் இருந்த இடம், சிறை எல்லாம் கீழே. ஆளுநரோடு மோதியதற்காக சீகன்பால்கை 1708 கடைசியில் நான்கு மாதம் அடைத்து வைத்தது இந்தக் கோட்டையில்தான். ராஜ வீதியில் அவர் கட்டிய ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்து, தாழ்ந்த வளைவுக் கூரையும் காற்றே ஏறாத சுவருமாக இருக்கும் இந்த அறைக்குள் தலையை நீட்டினால் நான் ஏன் இந்த வரிசையைப் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று புரியும். மொபைல் டார்ச் தேவைப்படும். வௌவால் நாற்றம் இருக்கலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பாருங்கள்.

மேல்தளம் பெரிய மனிதர்களின் தளம், அருங்காட்சியகம் அங்கே. பீங்கான், ஆவணங்கள், கல்வெட்டுகள் என்று ஒரு கலவை, விளக்க அட்டைகள் சுமார்தான். இருபது நிமிடம் போதும். அதைவிட, காரை உதிர்ந்த இடத்தில் சுவரை ஒட்டி நின்று பாருங்கள். உள்ளே இன்றைய செங்கல்லைவிட மெல்லியதாக, பட்டையாக அந்தக் காலச் செங்கல் தெரியும். கடல் பக்கமாக இருக்கும் செங்கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிர்ந்து குழிந்திருக்க, நடுவில் இருக்கும் சுண்ணாம்புக் காரை விளிம்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். உப்புக்காற்று செங்கல்லின் நுண்துளைக்குள் ஏறி, காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பெருத்து, உள்ளிருந்தே உடைக்கிறது. விரலால் தேய்த்துப் பார்க்கும் ஆசை வரும், தேய்க்காதீர்கள், ஏற்கெனவே கடல் செய்துகொண்டிருக்கும் வேலை அது. சுவரில் பெயர் கிறுக்குகிறவர்களைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கட்டுரையின் மொழி கெட்டுவிடும், விட்டுவிடுகிறேன்.

மதில்மேல் ஏறலாம், கடல் பார்த்த பீரங்கிகள் வரிசையாக நிற்கும். கைப்பிடிச் சுவர் எல்லா இடத்திலும் உயரமில்லை, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். டென்மார்க் 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்தின் ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. அவர்களுக்கு நாகப்பட்டினம் இருந்தது, இந்தத் துறைமுகம் தேவைப்படவில்லை. ஊர் அப்படியே தூங்கிப்போனதால்தான் இன்று நாம் பார்க்க இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

கடற்கரையும் மாசிலாமணிநாதர் கோயிலும்

கோட்டைக்கு வடக்கே கரையோரமாகவே கொஞ்சம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, ஊரில் டென்மார்க்காரர்களுக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அண்மையில் திருப்பணி நடந்து புதுப்பொலிவோடு இருக்கிறது, பழைய படங்களில் பார்த்த இடிந்த விமானத்தைத் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், சாமி கும்பிட வருகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி. கோட்டையோடு நிறுத்தாமல் இங்கே வரை வாருங்கள், கடல் இந்தக் கரையை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது இங்கே வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

கோயிலையும் கோட்டையையும் காப்பாற்றக் கரையில் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். பட்டுப்புடவை பற்றிச் சொன்னது இந்தப் பாறைகளுக்காகத்தான். அலை படும் மட்டத்தில் பாசி பிடித்து வழுக்கும், இரண்டு கல்லுக்கு நடுவே கால் சிக்கினால் கணுக்கால் போச்சு. படம் எடுக்க ஏறி, அலைக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் இருப்பதிலேயே மோசம். மேலே காய்ந்த கல்லில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

குளிக்க வேண்டாம். கால் நனையுங்கள், அதோடு சரி. இது குளிப்பதற்கான கடற்கரை இல்லை. கரை சட்டென்று ஆழமாகும், மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் கடலோட்டம் சில நாட்களில் ஆளை இழுத்துப் போகும் வேகத்தில் இருக்கும். அலை உடைகிற வரிசையில் நடுவே ஓர் இடம் மட்டும் உடையாமல் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகிறது. பார்க்க அமைதியாக இருப்பதால் பிள்ளைகள் அங்கேயேதான் இறங்குவார்கள். தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலக வேண்டும்.

"ஓசோன் நிறைந்த கடற்கரை" என்று இந்த ஊரைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஓசோன் வானத்தில் இருந்தால்தான் நமக்கு நல்லது, தரைமட்டத்தில் அது நுரையீரலுக்குக் கெடுதி. நல்ல கடல்காற்று இருக்கிறது, அதுவே போதும், மூச்சை இழுத்து ஓசோன் பிடிக்க வேண்டாம்.

மீனவர் தெரு பக்கத்திலேயே இருக்கிறது. படகு கரையேறும் நேரம் பார்க்க வேண்டிய ஒன்று, ஆனால் வலை இழுக்கிறவர்களின் குறுக்கே நிற்காதீர்கள், காயப்போட்ட வலைமேல் நடக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகுகள் கரையில்தான் இருக்கும், மீன் விலையும் ஏறியிருக்கும். இதே ஊர் 2004-ல் நிறையப் பேரைப் பறிகொடுத்தது. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகப் போய் "அலை எவ்வளவு உயரம் வந்துச்சு?" என்று தோண்டாதீர்கள்.

சாப்பாடும் திரும்புவதும்

மதிலுக்குள் இருந்த பழைய ஊரில் கடைகள் குறைவு. டீ, பிஸ்கட், சுண்டல், ஐஸ் கிடைக்கும். வயிறாரச் சாப்பிட பொறையாறுக்கோ காரைக்காலுக்கோ போக வேண்டும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கையில் இருக்கட்டும், ராஜ வீதியில் நிழல் கொஞ்சம்தான். காரைக்காலுக்குப் போகிறவர்கள் திரும்பும்போது டிக்கியில் மது பாட்டில் வைத்துக்கொண்டு வர வேண்டாம், அது புதுச்சேரி எல்லை, வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது. நேரம் மிச்சமிருந்தால் வடக்கே பூம்புகார் போகலாம், ஆனால் அதே மாலையில் இரண்டையும் திணிக்காதீர்கள், பூம்புகாரைக் காலையில் முடித்துவிட்டு மாலைக்கு இங்கே வருவது மேல்.

கார் இல்லாதவர்கள் கோட்டை வாசலில் ஆட்டோ காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். நெடுஞ்சாலைக்கு நடந்தே வந்துவிடுங்கள், இரண்டு பக்கமும் பஸ் அங்கேதான் நிற்கும். மயிலாடுதுறையில் இரவு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் ஏழு மணிக்குள் பஸ் ஏறிவிடுவது நல்லது. முகூர்த்த நாட்களில் திருக்கடையூரைத் தாண்டுவதற்கே தனியாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.